வேரின் மூச்சு

சாலையை அகலப்படுத்துவதற்காக வெட்டிச் சாய்க்கப்படும் மரத்தைக் கண்டு நாம் ஒரு நொடியேனும் வருந்துகிறோம். ஆனால், வெட்டாமலே கொல்லப்படும் மரத்திற்காக வருந்துவோர் யார்?

நாம் வாழும் தெருமுனையில் ஒரு வேப்பமரம் நின்றது. அதனை எவரும் வெட்டவில்லை. நடைபாதை அமைத்தோர் அடிமரத்தை ஒட்டிச் சிமெண்டு பூசினர். சேறு ஒழிந்ததென்று நாமும் மகிழ்ந்தோம். கால்வாய் தோண்டியோர் ஒருபக்க வேர்களை அறுத்தனர், நாம் வாளாவிருந்தோம். அடுத்த கோடையில் உச்சிக் கிளைகள் காய்ந்தன. பின் வந்த பெருங்காற்றில் மரம் சாய்ந்தது. காற்றின்மேல் பழி சுமத்துதல் எளிதன்றோ!

மரத்தின் வேரும் மூச்சு விடுகிறது. நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்களிற் பெரும்பாலானவை மேல்மண்ணில், ஏறத்தாழ 2 அடி ஆழத்திற்குள், கிளைகளின் நிழலுக்கு அப்பாலும் பரவி நிற்கின்றன. அம்மண்ணை மூடுதல் மரத்தின் கழுத்தை நெரித்தலாகும். தில்லியில் மரங்களைச் சுற்றி 1 மீட்டர் அளவுக்குச் சிமெண்டை அகற்றுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் ஆணையிட்டது.

நமக்கு ஆணை எதற்கு? வாயில்லா உயிரின் நோவை உணர்வதும் இரக்கமே. நம் வீட்டு முற்றத்தையும் ஆலய வளாகத்தையும் இன்று மாலை ஒருமுறை சுற்றிப் பார்ப்போம். சிமெண்டு இறுகப் பற்றிய மரம் ஒன்றேனும் இருப்பின், வேருக்கு ஊறு நேராவண்ணம் அச்சிமெண்டைப் பெயர்த்தெடுத்து, ஒரு குடம் நீர் ஊற்றுவோம். பிள்ளைகளும் உடன் வரட்டும்.