லேப்டாப் ஒல்லியானா வேகமும் ஒல்லியாகுமா? எட்டயபுரம் வெயிலில் ஒரு 'பிரீமியம்' கணக்கு

ரெண்டு லேப்டாப். ரெண்டிலும் அதே பிராசஸர், அதே 16 ஜிபி ரேம், அதே 512 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒண்ணு, நோட்டுப் புத்தகம் மாதிரி ஒல்லியா, பையில் போட்டதே தெரியாத எடையில் இருக்கு. இன்னொண்ணு கொஞ்சம் குண்டு, ரெண்டு கிலோவைத் தாண்டும். ஒல்லியானதுக்குத்தான் விலை அதிகம். சரி, ரெண்டில் எது வேகம்?

"ரெண்டும் ஒண்ணுதாங்க தம்பி, இது பிரீமியம் மாடல்" என்பார் கடைக்காரர். ரிவ்யூ வீடியோக்களில் ஆளுக்கொரு பக்கம் நின்று சண்டை போடுவார்கள். உண்மையான பதில், அந்த லேப்டாப்பை நீங்கள் எந்த ஊரில், எவ்வளவு நேரம் ஓட்டப் போகிறீர்கள் என்பதில் இருக்கிறது. சென்னை ஷோரூமின் ஏ.சி-யில் ஒரு பதில் வரும். பாரதி பிறந்த எட்டயபுரத்தில், மே மாத மத்தியானம், சீலிங் ஃபேன் மட்டும் சுத்துகிற அறையில் வேற பதில் வரும்.

இந்தக் கணக்கை இப்போ போட ஒரு காரணம் இருக்கிறது. 2026 ஜனவரியில் தமிழக அரசு, கல்லூரி மாணவர்களுக்கு 'உலகம் உங்கள் கையில்' திட்டத்தில் லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. அசைன்மென்ட், கோடிங் பழக, ஆன்லைன் கிளாஸ் பார்க்க அது போதும். வீடியோ எடிட்டிங், 3டி டிசைன், ஏ.ஐ மாடல் ஓட்டுவது என்று போகிறவர்கள்தான் அடுத்த படியைப் பார்க்கிறார்கள். அந்தப் படியின் விலை ஒரு லட்சத்துக்குப் பக்கத்தில் தொடங்குகிறது. தீப்பெட்டி ஆபீஸ் சம்பளத்திலும், சின்னக் கடை வருமானத்திலும் ஓடும் வீட்டில் அது ரெண்டு வருஷ இ.எம்.ஐ. தப்பான மெஷின் வாங்கிவிட்டால், மாற்றி வாங்க அடுத்த வாய்ப்பு கிடையாது.

சிப் பெயர் ஒண்ணு, வாட்ஸ் வேற!

பெட்டியில் போட்டிருக்கும் சிப் பெயர் பாதிக் கதைதான். மீதிக் கதை, அந்த சிப்புக்கு எத்தனை வாட்ஸ் மின்சாரம் கொடுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ் 4060 லேப்டாப் கிராபிக்ஸ் சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் கம்பெனிகள் அதை 35 வாட்ஸிலிருந்து 115 வாட்ஸ் வரை எதில் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று என்விடியாவே விட்டுவைத்திருக்கிறது. ஸ்டிக்கரில் ஒரே பெயர். உள்ளே மூணு மடங்கு மின்சார வித்தியாசம். வேகம் மூணு மடங்கு மாறாது. ஆனாலும் கேம் விளையாடும்போதும், வீடியோ ரெண்டர் செய்யும்போதும் வித்தியாசம் நல்லாவே தெரியும்.

ஏன் எல்லோரும் 115 வாட்ஸ் கொடுப்பதில்லை? சிப்புக்குள் போகிற மின்சாரம் அவ்வளவும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். 45 வாட்ஸில் ஓடும் லேப்டாப், பழைய 40 வாட்ஸ் குண்டு பல்பைவிடக் கூடுதலான சூட்டைத் தன் வயிற்றுக்குள் வைத்திருக்கிறது. அதை வெளியே தள்ள செம்புக் குழாய் வேண்டும், ஃபேன் வேண்டும், காற்று போக இடம் வேண்டும். ஒல்லியாக்கும்போது முதலில் போவது இந்த இடம்தான்.

அதனால் ஒல்லி லேப்டாப் முதல் ஒரு நிமிஷம் பாய்ந்து ஓடும். பிறகு சூடேறி, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டெக் ஆட்கள் இதை 'த்ராட்லிங்' என்பார்கள். வேர்டு ஃபைல் திறப்பதும், வெப்சைட் பார்ப்பதும் சில நொடி வேலை. அங்கே ஒல்லியும் குண்டும் ஒண்ணுதான். அரை மணி நேரம் ரெண்டர் போட்டால்தான் சாயம் வெளுக்கும்.

35 டிகிரி கோடு

மேக்புக்கைச் சுற்றியுள்ள அறை வெப்பம் 10 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்கிறது ஆப்பிளின் சொந்த வழிகாட்டி. பல விண்டோஸ் லேப்டாப்களின் வரம்பும் 35-க்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டி கரிசல் பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெப்பம் இந்தக் கோட்டைத் தாண்டுவது சர்வசாதாரணம். கான்கிரீட் மாடியறை என்றால் ராத்திரியிலும் சூடு இறங்காது.

இதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். சூடு வெளியேறும் வேகம், உள்ளே எவ்வளவு சூடு, வெளியே எவ்வளவு சூடு என்ற வித்தியாசத்தைப் பொறுத்தது. சிப் 100 டிகிரி வரை தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். 25 டிகிரி ஏ.சி அறையில் வித்தியாசம் 75. 38 டிகிரி அறையில் 62. அதாவது வெளியே தள்ள முடிகிற சூடு சுமார் 17 சதவிகிதம் குறைகிறது. ஃபேன் உள்ள லேப்டாப்புக்கு இது சமாளிக்கக்கூடிய நஷ்டம்தான்.

ஃபேனே இல்லாத ஒல்லி மாடலில் கதை வேற. அதில் மெட்டல் பாடிதான் சூட்டை வெளியே விடுகிறது. மடியில் வைக்கிற பொருள் என்பதால் பாடி ரொம்பச் சூடாகவும் கூடாது. 45 டிகிரிதான் எல்லை என்று வைத்துப் பாருங்கள். 25 டிகிரி அறையில் 20 டிகிரி வித்தியாசம் கிடைக்கிறது. 38 டிகிரி அறையில் வெறும் 7. அதே மெஷின், அதே விலை. சூட்டை விடும் திறன் மூணில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. எந்த விளம்பரத்திலும் இந்த வரி இருக்காது.

பேட்டரிக்கும் இதே தலைவலி உண்டு. லித்தியம் பேட்டரி சூட்டில் சீக்கிரம் மூப்படையும். முழு சார்ஜில், சூடான அறையில், சார்ஜரைக் கழற்றாமலே வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம்.

பெரிய கம்பெனிகளே பின்வாங்கின கதை

2008-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு ஆபீஸ் கவரிலிருந்து மேக்புக் ஏரை உருவிக் காட்டினார். 'ஒல்லினாதான் பிரீமியம்' என்ற எண்ணத்துக்கு அன்றைக்குப் பெரிய விதை விழுந்தது. அதன் பிறகு பந்தயம்தான். சில இடங்களில் கம்பெனிகள் கோட்டைத் தாண்டிப் போய், திரும்பியும் வந்திருக்கின்றன.

2015-ல் ஆப்பிள், ஒல்லியாக்குவதற்காக 'பட்டர்ஃபிளை' கீபோர்டைக் கொண்டுவந்தது. தூசு புகுந்தால் சில பட்டன்கள் வேலை செய்யவில்லை, சில பட்டன்கள் ஒரு எழுத்தை ரெண்டு தடவை அடித்தன. 2018-ல் இலவச ரிப்பேர் திட்டம் அறிவிக்க வேண்டி வந்தது. 2019 நவம்பரில் வந்த 16 இன்ச் மாடலில் பழைய வகைக்கே திரும்பினார்கள். அமெரிக்க வழக்கில் 2022-ல் 5 கோடி டாலருக்கு சமரசம் பேசினார்கள். கரிசல் புழுதியில் இந்த கீபோர்டு என்ன பாடு பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

2018 ஜூலையில் இன்னொரு பஞ்சாயத்து. டேவ் லீ என்ற யூடியூபர், அப்போது புதுசாக வந்த ஐ9 மேக்புக் ப்ரோ சூடேறி வேகம் குறைவதைக் காட்டினார். வீடியோ ரெண்டரில் அது முந்தைய வருஷ மாடலிடமே தோற்றது. ஃப்ரீசருக்குள் வைத்து ஓட்டியபோது வேகம் திரும்ப வந்தது. சாஃப்ட்வேர் கோளாறு என்று சொல்லி, சில நாள்களில் அப்டேட் கொடுத்தது ஆப்பிள். 2021-ல் வந்த மேக்புக் ப்ரோ 16 இன்ச், முந்தையதைவிடக் கொஞ்சம் தடிமனாகவும் எடை கூடியும் வந்தது. எடுத்திருந்த ஹெச்.டி.எம்.ஐ போர்ட்டும், மெமரி கார்டு ஸ்லாட்டும் திரும்பி வந்தன. யாரும் "குண்டாயிடுச்சே" என்று அழவில்லை.

டெல்லும் இதே பாதையில் போனது. 2022-ல் எக்ஸ்.பி.எஸ் 13 ப்ளஸ் மாடலில் மேல்வரிசை பட்டன்களை எடுத்துவிட்டுத் தொடும் பட்டை வைத்தார்கள். ஹெட்போன் ஓட்டையும் போனது. 2025 ஜனவரியில் எக்ஸ்.பி.எஸ் என்ற பெயரையே கைவிட்டார்கள். 2026 ஜனவரியில் அதே பெயரைத் திரும்பக் கொண்டுவந்தபோது, நிஜ பட்டன்களும் கூடவே வந்துவிட்டன.

ஒல்லி கட்சிக்கும் பாயின்ட் இருக்கு

இதையெல்லாம் வைத்து, "ஒல்லி லேப்டாப் வேஸ்ட்" என்று முடித்துவிட முடியாது.

2020 நவம்பரில் வந்த ஆப்பிள் எம்1 சிப் ஆட்டத்தை மாற்றியது. அதே வேலையை ரொம்பக் குறைந்த மின்சாரத்தில் செய்ததால், ஃபேன் இல்லாத ஏர் மாடலே தினசரி வேலைகளில் பல குண்டு லேப்டாப்களுக்கு ஈடுகொடுத்தது. இன்டெல், ஏ.எம்.டி, குவால்காம் எல்லாம் இப்போது அந்தப் பக்கம்தான் ஓடுகின்றன. குறைந்த வாட்ஸில் நல்ல வேகம் தரும் சிப் என்றால், ஒல்லி டிசைன் அதற்குப் பொருந்தும்.

நம்ம ஊர் வாழ்க்கைக்கும் ஒல்லியில் லாபம் உண்டு. காலையில் பஸ்ஸில் நின்றபடி கோவில்பட்டிக்கோ தூத்துக்குடிக்கோ காலேஜ் போகிறவருக்கு, ஒரு கிலோ வித்தியாசம் தோள்பட்டையில் தெரியும். கரன்ட் போனால் பத்து மணி நேரம் நிற்கிற பேட்டரி பெரிய நிம்மதி. பல கேமிங் லேப்டாப்கள் சார்ஜரைக் கழற்றியதும் வேகத்தைப் பாதியில் இறக்கிவிடும். ஃபேன் இல்லையென்றால் உள்ளே புழுதி உறிஞ்சப்படும் பிரச்னையும் இல்லை. ஃபேன் உள்ள மெஷினில் தூசு அடைத்தால் வருஷத்துக்கு ஒருமுறையாவது பின்மூடியைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும்.

கோடிங், எழுத்து வேலை, பிரசன்டேஷன், போட்டோ எடிட்டிங் என்றால் ஒல்லி கட்சிக்கு ஓட்டு போடலாம். மணிக்கணக்கில் ரெண்டர், 3டி, கேம் என்றால் குண்டு கட்சிதான்.

ஒட்டிய ரேம்: இந்த வருஷத்தின் பெரிய செலவு

ஒல்லி டிசைனில் இன்னொரு கொடுக்கல் வாங்கல், ரேமை போர்டோடு சேர்த்து சால்டரிங் செய்துவிடுவது. வெறும் பேராசை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. சிப்புக்குப் பக்கத்தில் ரேம் இருந்தால் வேகம் கூடும், மின்சாரம் மிச்சமாகும். 2024-ல் இன்டெல் தன் லூனார் லேக் சிப்பில் ரேமை சிப் பேக்கேஜுக்குள்ளேயே வைத்ததும் அதற்குத்தான். ஆனால் வாங்கும் அன்று என்ன இருக்கிறதோ, கடைசி வரை அதேதான்.

முன்பு, "இப்போ 8 ஜிபி போதும், வேலை கிடைச்சதும் இன்னொரு 8 போட்டுக்கலாம்" என்று பிளான் போடலாம். ஏ.ஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை எகிறிக் கிடக்கிறது. 2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், பொதுமக்களுக்கு 'குரூஷியல்' பிராண்டில் ரேம் விற்பதையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. இந்த நேரத்தில் ஒட்டிய 8 ஜிபி மெஷினை ஒரு லட்சம் கொடுத்து வாங்குவது, நாலாவது வருஷ பிராஜெக்ட்டை இன்றைக்கே அடகு வைப்பது மாதிரி. ஒட்டிய ரேம் என்றால் 16 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள். வேகமும் வேணும், கழற்றவும் வேணும் என்பவர்களுக்காக 'எல்.பி.கேம்2' என்ற புதுவகை ரேம் வந்திருக்கிறது. 2024-ல் லெனோவாவின் திங்க்பேட் பி1-ல் அது எட்டிப் பார்த்தது. சராசரி விலைக்கு இன்னும் இறங்கவில்லை.

ரிப்பேர் விஷயமும் இதோடு ஒட்டியதுதான். பிராண்டு சர்வீஸ் சென்டரைத் தேடி எட்டயபுரத்திலிருந்து பெரிய ஊருக்குத்தான் பஸ் ஏற வேண்டும். பேட்டரி ஸ்க்ரூவில் நின்றால் பக்கத்து ஊர்க் கடையிலேயே மாற்றலாம். பசை போட்டு ஒட்டியிருந்தால் ஒரு நாள் வேலை, ஒரு நாள் வகுப்பு, பஸ் காசு எல்லாம் போகும். ஐரோப்பிய யூனியனில், இதுபோன்ற சாதனங்களின் பேட்டரியைப் பயனரே மாற்றும்படி இருக்க வேண்டும் என்ற விதி 2027 பிப்ரவரியில் அமலுக்கு வருகிறது. இந்தியாவில் 2022 டிசம்பரில் 'ரிப்பேர் உரிமை' இணையதளம் திறந்தார்கள். அதில் கம்பெனிகளின் சர்வீஸ், வாரன்ட்டி விவரங்களைப் பார்க்கலாம். கட்டாயச் சட்டம் இன்னும் இல்லை.

கடையில் கேட்க அஞ்சு கேள்வி

1. இந்த சிப்பும் கிராபிக்ஸும் எத்தனை வாட்ஸில் ஓடுது? கடையில் தெரியாவிட்டால் கம்பெனி தளத்தில் மாடல் எண் போட்டுப் பாருங்கள்.

2. அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டின பிறகு ஸ்கோர் என்ன? முதல் ரன் ஸ்கோரை மட்டும் காட்டும் ரிவ்யூவைக் கடந்து போய்விடுங்கள். அறை வெப்பம் சொல்கிற ரிவ்யூ என்றால் இன்னும் நல்லது.

3. சார்ஜர் இல்லாமல் அதே வேகம் வருமா?

4. ரேம், எஸ்.எஸ்.டி, பேட்டரி இந்த மூணில் எது கழற்ற வரும்?

5. வாரன்ட்டிக்கு வீட்டுக்கே ஆள் வருவாங்களா, நம்ம பின்கோடுக்கு வருவாங்களா? பின்கோடைச் சொல்லிக் கேளுங்கள். 'ஆல் இந்தியா' என்ற பதிலை மட்டும் நம்பாதீர்கள்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியதும் சுலபம்தான். மெத்தை மேல் வைக்காதீர்கள், அடியில் காற்று போக இடம் விடுங்கள். செட்டிங்ஸில் சார்ஜை 80 சதவிகிதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவையுங்கள். ரெண்டர் மாதிரி பெரிய வேலைகளை விடியற்காலைக்குத் தள்ளுங்கள்.

லேப்டாப் டிசைனர் எதையோ விட்டுக்கொடுத்துத்தான் ஒல்லியாக்குகிறார். எதை விட்டார் என்று விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள், நாமதான் கேட்டு வாங்கணும். இ.எம்.ஐ முடிந்த பிறகு வருகிற மே மாதத்திலும், ஃபேன் காற்றில் உட்கார்ந்து உங்கள் பிராஜெக்ட்டை முடித்துக் கொடுக்கிற மெஷின் எதுவோ, அதுதான் நம்ம ஊருக்கு பிரீமியம்.