பொய்யனுக்குச் சம்பளம்!

அமெரிக்காவில் 1993-ல் ஒரு விசித்திரச் சட்டம் செய்தார்கள். ஆணைக் காதலிக்கும் ஆணும், பெண்ணைக் காதலிக்கும் பெண்ணும் பட்டாளத்தில் இருக்கலாமாம். ஆனால் அதை வாய்விட்டுச் சொன்னால் வேலை போய்விடுமாம்! அதாவது, பொய்யனுக்குச் சம்பளம், மெய் சொன்னவனுக்குச் சீட்டுக் கிழிப்பு. தோழர்களே! இதற்குப் பெயர்தான் பட்டாள ஒழுக்கமாம்.

இதற்கு முன்பாவது யோக்கியமாக நடந்தார்களா? வியட்நாம் யுத்தத்தில் காயம்பட்டுப் பதக்கம் பெற்ற லியோனார்டு மாட்லோவிச், உண்மை சொன்னதற்காக 1975-ல் வெளியே தள்ளப்பட்டார். 1993 சட்டமோ 13,000-க்கு மேற்பட்டவர்களைத் துரத்திற்று. இராக்கில் யுத்தம் நடக்கும்போதே அரபு மொழி படித்தவர்களையும் விரட்டினார்கள் என்றால் இவர்கள் புத்தியை என்னென்பது?

கேட்டால், கூட இருக்கும் சிப்பாய் சகிக்க மாட்டான், கட்டுப்பாடு குலையும் என்றார்கள். கருப்பரையும் வெள்ளையரையும் ஒரே படையில் வைக்க 1948-ல் ட்ரூமன் உத்தரவிட்டபோதும் எதிரிகள் சொன்னது இதுவேதான்! அதுதான் போகட்டும். 2000-லேயே இத்தடையை எடுத்துவிட்ட பிரிட்டிஷ் பட்டாளத்தோடு சேர்ந்துதானே அமெரிக்கர் இராக்கில் சண்டை போட்டார்கள்? அதைச் சகியாமல் எந்த அமெரிக்கச் சிப்பாய் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடினான் என்று கேட்கின்றோம்.

2011 செப்டம்பர் 20-ல் சட்டம் ஒழிந்தது. பட்டாளம் கலைந்துவிடவில்லை. ஆனாலும் புத்தி வந்ததா? அதே கட்டுப்பாட்டின் பேரால் 2025-ல் திருநங்கை, திருநம்பியரை வெளியேற்ற உத்தரவு போட்டார்கள்.