டிப்ளோமா தாதி எடுபிடியா?

தாசேக் கெலுகோரில் எஸ்.பி.எம். தேர்வு முடித்த பிள்ளைகளையும் பெற்றோரையும் உட்காரவைத்து ஒரு கல்வி வழிகாட்டி பேசினார். "தாதியாக வேண்டுமா, டிகிரி படியுங்கள். டிப்ளோமா படித்தால் காலம் முழுக்க டாக்டருக்கு எடுபிடிதான். டிகிரிக்கு இடம் கிடைக்காவிட்டால் வேறு துறைக்குப் போய்விடுங்கள்." பல பெற்றோர் தலையாட்டினார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதில்.

மூன்றாண்டு டிப்ளோமா முடித்தவரும் நான்காண்டு டிகிரி முடித்தவரும் மலேசியத் தாதியர் வாரியத்தின் தேர்வில் தேறித்தான் பதிவு பெற்ற தாதியாகிறார்கள். இருவரும் ஆண்டுதோறும் தொழிற்சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். வார்டில் நடப்பதைப் பாருங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு டிங்கி வார்டில் ஒரு நோயாளிக்கு ரத்த அழுத்தம் நூறுக்கு எண்பத்திரண்டு. மேல் அளவை மட்டும் பார்ப்பவருக்குப் பயமில்லை என்றே தோன்றும். அங்கே நிற்கும் டிப்ளோமா தாதி, இரண்டு அளவுக்கும் இடைவெளி இருபதுக்குள் சுருங்கிவிட்டதைப் பார்க்கிறார். நோயாளியின் பாதத்தைத் தொடுகிறார், சில்லிட்டிருக்கிறது. டிங்கி அதிர்ச்சி தொடங்கிவிட்டது என்று புரிந்து, உடனே டாக்டரை வரவழைக்கிறார். அந்த நேரத்தில் அவர் கவனிக்காமல் விட்டிருந்தால் உயிர் போயிருக்கும். இவரையா எடுபிடி என்கிறீர்கள்?

அந்த வழிகாட்டி பெரிதாகக் காட்டிய ஆதாரம், லிண்டா ஐக்கன் குழுவினர் 2014-இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு. ஒன்பது ஐரோப்பிய நாடுகள், 300 மருத்துவமனைகள், நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சை நோயாளிகள். டிகிரி படித்த தாதியர் 10 விழுக்காடு கூடுதலாக இருக்கும் இடத்தில், நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு குறைவு. அது மெய்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது: ஒரு தாதியின் பொறுப்பில் ஒரே ஒரு நோயாளி கூடினாலும் அந்த வாய்ப்பு 7 விழுக்காடு ஏறுகிறது. இந்தப் பாதியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. நம் நாட்டு வார்டுகளைத் தாங்குவோரில் பெரும்பாலோர் டிப்ளோமா தாதியர். அவர்கள் வரும் வழியை அடைத்தால் மிஞ்சியிருக்கும் தாதியின் தலையில் எத்தனை நோயாளிகள் ஏறுவார்கள்? பாதி ஆய்வைப் படித்துக்காட்டிப் பிள்ளைகளின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது நேர்மையற்ற செயல்.

சிங்கப்பூரில் டிகிரி இல்லாமல் தாதி வேலையில் சேர்க்கவே மாட்டார்கள் என்றாரே, அது பச்சைப் பொய். சிங்கப்பூர் தன் சொந்தத் தாதியரையே நன்யாங், ஙீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் மூன்றாண்டு டிப்ளோமா வழியாக உருவாக்குகிறது.

பினாங்கிலேயே யு.எஸ்.எம். பல்கலைக்கழகம் இருக்கும்போது என்ன கவலை என்றும் கேட்டார். யு.எஸ்.எம்.மின் தாதியியல் டிகிரி நடப்பது கிளந்தானில், குபாங் கெரியான் வளாகத்தில். இதுகூடத் தெரியாதவர் எப்படி வழிகாட்ட வந்தார்? தாசேக் கெலுகோரில் கொம்யூட்டர் ரயில் ஏறி பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெர்ரி பிடித்தால் ஜார்ஜ்டவுன். அங்கே, வீட்டிலிருந்து எட்டும் தூரத்தில் டிப்ளோமா படிக்க முடிகிற பெண்ணிடம், அது கேவலம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அரசுப் பணியில் டிகிரிக்குக் கிரேடும் சம்பளமும் கூடுதல்தான். முடிந்தவர்கள் தாராளமாக அதைப் படிக்கட்டும். ஆனால் டிப்ளோமாவோடு யாரும் தேங்கிவிடுவதில்லை. தீவிர சிகிச்சை, சிறுநீரகம், அறுவைக்கூடம், பேறுகாலம் என்று சிறப்புப் பயிற்சிகள் இருக்கின்றன. வேலை பார்த்துக்கொண்டே டிகிரி முடிக்கவும் வழியிருக்கிறது.

எச்சரிக்க வேண்டிய ஆபத்து ஒன்று இருந்தது, அதைத்தான் அவர் விட்டுவிட்டார். முன்பொரு சமயம் தனியார் தாதியர் கல்லூரிகள் பெருகி, படித்து முடித்த பிள்ளைகள் வேலையின்றியும் பிடிபிடிஎன் கல்விக் கடனோடும் நின்றார்கள். அந்தப் பழி டிப்ளோமாவைச் சேராது. தகுதி பாராமல் சேர்த்து, நல்ல மருத்துவமனைப் பயிற்சி தராமல் கட்டணம் மட்டும் வாங்கிய இடங்களைச் சேரும்.

பெற்றோரே, டிப்ளோமாவா டிகிரியா என்று மலைக்காதீர்கள். சேரப்போகும் படிப்புக்குத் தாதியர் வாரியத்தின் ஒப்புதல் இருக்கிறதா, பிள்ளை எந்த மருத்துவமனையில் பயிற்சி பெறும், போன ஆண்டு எத்தனை பேர் வாரியத் தேர்வில் தேறினார்கள் என்று கல்லூரியிடம் கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்கும்வரை எந்தக் கடன் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.