18 வருஷம் இந்திய ஜெர்சி... பத்மஸ்ரீ வந்துச்சு, அர்ஜுனா ஏன் வரல? அனிதா பால்துரை கதையில் காரைக்கால் பிள்ளைகளுக்கு என்ன இருக்கு?

காரைக்காலில் பாஸ்கெட்பால் ஆடும் ஒரு மாணவி, 'இதை வச்சு எங்க போகலாம்?' என்று கேட்டால் காட்ட ஒரு பெயர் இருக்கு. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை.

யார் இவர்?

2000 முதல் 2017 வரை இந்திய மகளிர் அணியில் ஆடியவர். 19 வயதில் கேப்டன். தொடர்ந்து 9 ஆசிய சாம்பியன்ஷிப் ஆடிய முதல் இந்தியப் பெண். தேசியப் போட்டிகளில் 30 பதக்கங்கள். 2012-ல் ஆசிய பீச் கேம்ஸ் தங்கம், 2013-ல் தோஹாவில் 3x3 ஆசிய சாம்பியன்ஷிப் தங்கம். குழந்தை பிறந்த பிறகும் களத்துக்குத் திரும்பினார். 2017-ல் பெங்களூருவில் நடந்த ஆசிய கோப்பை 'பி' பிரிவில் ஆடினார். ஃபைனலில் கஜகஸ்தானை 75-73 என்று இந்தியா சாய்த்தது. ரெண்டே பாயிண்ட்! அப்புறம் கோச் ஆகிட்டார். 2021-ல் பத்மஸ்ரீ.

அப்போ அர்ஜுனா?

பத்மஸ்ரீ அறிவிப்பு வந்தப்போ அவர் கையில் அர்ஜுனா இல்லை. வழக்கமா விளையாட்டு வீரர்களுக்கு முதலில் அர்ஜுனா, பிறகு பத்ம விருது. இங்கே ஆர்டர் மாறிப்போச்சு.

பாஸ்கெட்பாலுக்கே அர்ஜுனா தரலைன்னு சொல்ல முடியாது. கீது அன்னா ஜோஸ் 2014-லும், பிரசாந்தி சிங் 2017-லும் வாங்கினாங்க. ஆனா அர்ஜுனா முக்கியமா பார்ப்பது கடைசி 4 வருட சர்வதேச ஆட்டத்தை. வருஷத்துக்கு கொஞ்சம் பேருக்குத்தான் விருது. மல்யுத்தம், துப்பாக்கி சுடுதல் எல்லாம் அதே வரிசையில் நிக்கும். அனிதாவின் பெரிய தங்கங்கள் பீச்சிலும் 3x3-லும் வந்தவை. 3x3 ஒலிம்பிக்குக்குள் வந்ததே டோக்கியோவில்தான். பதினெட்டு வருஷ உழைப்பை நாலு வருஷ ஜன்னல் வழியா பார்த்தா முழுசா தெரியாது என்பதே நம்ம கணிப்பு. பத்ம விருது மொத்த வாழ்க்கையையும் பார்க்கும். பி.டி. உஷாவின் கோச் ஓ.எம். நம்பியார் பெயரும் அதே 2021 பட்டியலில்தான் இருந்தது. கோச் என்றால் காத்திருப்பு இன்னும் நீளம் போல!

காரைக்காலுக்கு இதில் என்ன?

சுத்தி நாகப்பட்டினம், மயிலாடுதுறை. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் தேசியப் போட்டியில் தமிழ்நாட்டுக்கு ஆடுவாங்க. காரைக்கால் பிள்ளைக்கு புதுச்சேரி ஜெர்சி. தேர்வுக்கு சுமார் 130 கி.மீ. போகணும், ஆனா தமிழ்நாட்டு அணி அளவுக்கு கூட்டம் இருக்காது. வேலைக்கு வந்தா இந்த எல்லை கிடையாது. அனிதா வேலை பார்ப்பது தெற்கு ரயில்வேயில். காரைக்கால் ஸ்டேஷனும் அதே தெற்கு ரயில்வேயின் திருச்சி கோட்டம்தான்.

ஒரு விஷயம் மறக்காதீங்க. மத்திய அரசு வேலையின் விளையாட்டு ஒதுக்கீட்டில், மாநிலம் அல்லது யூனியன் பிரதேச அணிக்கு தேசியப் போட்டி ஆடியவர்களுக்கு 'ஃபார்ம் 2' சான்றிதழ் வேணும். நாட்டுக்காக ஆடினவங்களுக்கு 'ஃபார்ம் 1'. ரயில்வே இதுக்கு மேல தனியா பதக்கக் கணக்கும் பார்க்கும். போட்டி முடிஞ்ச கையோடு சங்கத்தில் கேட்டு வாங்கி வச்சுக்குங்க. நாலு வருஷம் கழிச்சு தேடினா அலைச்சல்தான்.

பத்ம விருதுக்கும் யார் வேணாலும் ஆன்லைனில் பரிந்துரைக்கலாம். உங்க ஊர் கோச் பெயரையும் சேர்த்துத்தான்.