காலி மனைகள் ஏன் காலியாக இருக்கின்றன?

சென்னை கல்மண்டபத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மீஞ்சூரைத் தாண்டி ஒரு மனைப்பிரிவில், கட்டி எட்டு வருடமான வீடு விலைக்கு வருகிறதாம். ஒரு கிரவுண்டு இடம். வீடு போக மீதியில் தோட்டம் போடலாம். ஐம்பது மனைகளில் பன்னிரண்டு வீடுகள்தான் வந்திருக்கின்றன. "கூட்டம் இல்லை, லாரி சத்தம் இல்லை. காய்கறி போட்டுக்கொண்டு இருந்துவிடலாம் என்று வீட்டம்மாவும் சொல்கிறார். ஓய்வுக்காலப் பணம் முழுவதும் இதில் போகிறது. அந்த மண்ணும் தண்ணீரும் தோட்டத்துக்கு ஆகுமா?" என்பது அவருடைய கேள்வி.

கல்மண்டபத்தில் அரை கிரவுண்டில் மூன்று குடும்பம் இருக்கிற வீடுகள் உண்டு. அங்கிருந்து போய்ப் பார்க்கிறவருக்கு ஒரு கிரவுண்டு என்பது பெரிய இடமாகத்தான் தெரியும். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. நம் கணக்கில் ஐந்தரை சென்ட். இரண்டு பேருக்கு வேண்டிய கீரையும் காயும் அதில் தாராளமாக வரும். ஆனால் மண்ணையும் தண்ணீரையும் பார்ப்பதற்கு முன் ஒன்றைக் கேட்க வேண்டும். மீதி முப்பத்தெட்டு மனைகள் ஏன் இன்னும் காலியாக இருக்கின்றன?

வாங்கிப் போட்டவர்கள் விலை ஏறட்டும் என்று காத்திருக்கலாம். அதில் தவறு ஒன்றும் இல்லை. அவர்கள் கட்ட ஆரம்பித்தால் இன்றைய அமைதி போய்விடும், அவ்வளவுதான். காகிதம் சரியில்லாமல் கட்ட முடியாமல் இருக்கலாம். மழைக்குத் தண்ணீர் நிற்கலாம். போர் போட்டால் உப்பு வரலாம். கடைசி மூன்றில் ஒன்று இருந்தாலும் விற்பவர் தானாகச் சொல்ல மாட்டார்.

காகிதத்தை முதலில் முடித்துவிடலாம். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. அதன் பிறகு 2017 மே மாதம் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. 20.10.2016 என்ற நாளை வைத்து, அதற்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கு மட்டும் அந்த வாய்ப்பு. இதில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மனைப்பிரிவு முழுவதற்கும் கொடுக்கும் ஒப்புதல் வேறு, தனி மனைக்கான வரன்முறை ஆணை வேறு. முதலாவதை மட்டும் காட்டி, 'அப்ரூவல் ஆகிவிட்டது' என்று சொல்வார்கள். வாங்குகிற மனையின் எண் போட்ட ஆணை கையில் வர வேண்டும். ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்ட பழைய வரைபடம் மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகாது.

வில்லங்கச் சான்றை 30 வருடத்துக்குப் பார்க்கச் சொல்வது வழக்கம். பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். அதைவிட விவசாயம் தெரிந்தவர்களுக்கு உதவுவது கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் 'அ' பதிவேடும் புலப்படமும். அந்த சர்வே எண் முன்பு நன்செய்யா, புன்செய்யா? பக்கத்து எண் வாய்க்கால் புறம்போக்கா, ஏரியா? எல்லாம் அதில் தெரியும். புலப்படத்தில் வாய்க்கால் ஓடி, நேரில் அங்கே தார்ச்சாலை இருந்தால், மழைக்காலத்தில் அந்தத் தண்ணீர் வேறு எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். பட்டா வீட்டுக்காரர் பெயரில் தனியாக உட்பிரிவு ஆகியிருக்கிறதா, அல்லது நிலத்தை விற்ற விவசாயியின் பெயரிலேயே நிற்கிறதா என்பதும் முக்கியம். சாலையும் பூங்காவும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குப் போயிருக்க வேண்டும். போகாவிட்டால் இன்று பூங்கா என்று காட்டுகிற இடத்தில் நாளை ஒரு வீடு வரும். வங்கி கடன் கொடுத்திருப்பதால் எல்லாம் சரி என்று நினைப்பவர்கள் அதிகம். வங்கி பார்ப்பது தன் கடனுக்கு என்ன பாதுகாப்பு என்பதைத்தான். மழைத் தண்ணீர் எங்கே நிற்கும் என்பதை அது பார்ப்பதில்லை.

இனி தண்ணீர். மீஞ்சூர் என்றாலே நீரியல் படித்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கடல்நீர் ஊடுருவல்தான். ஆரணி ஆறும் கொசஸ்தலை ஆறும் கொண்டுவந்து போட்ட மணல் அடுக்குகளில் அருமையான நிலத்தடி நீர் இருந்தது. 1960-களின் கடைசியில் சென்னைக் குடிநீருக்கும் தொழிற்சாலைகளுக்கும் அங்கே வரிசையாக ஆழ்துளைக் கிணறுகள் போடப்பட்டன. விவசாயிகளும் இறைத்தார்கள். உள்ளே போகும் மழைநீரைவிட வெளியே எடுத்தது அதிகமானதும் கடல் உள்ளே வரத் தொடங்கியது. இன்று கடற்கரையிலிருந்து 10 கி.மீ.க்கு மேல் உப்பு வந்துவிட்ட இடங்கள் இருக்கின்றன. ஒரு காலத்தில் முப்போகம் விளைந்த கிணறுகள் கைவிடப்பட்டு, அந்த நிலங்களில் ஒரு பகுதிதான் மனைகளாயிற்று. நல்ல தண்ணீர் இருக்கும் நிலத்தை விவசாயி எளிதில் விற்க மாட்டார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

நன்னீர் உப்பு நீரைவிட எடை குறைந்தது. அதன்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது கடலோரப் பகுதிகளுக்கான கணக்கு. மேலே 1 அடி குறைந்தால் கீழே 40 அடி உப்பு ஏறும். அதனால் தண்ணீர் உப்பாகிவிட்டது என்று போரை இன்னும் ஆழப்படுத்துவது பெரும்பாலும் உப்பைத் தேடிப் போவதுதான்.

விலை பேசுவதற்கு முன் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும். மோட்டாரை கால் மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் கழுவிய பாட்டிலில் அரை லிட்டர் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால் போதும். மின்கடத்து திறன் 0.75 டெசிசைமன்ஸ்க்குள் இருந்தால் கவலை இல்லை. 2.25 வரை கவனமாகச் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் தோட்ட ஆசையைத் தொட்டி அளவுக்குச் சுருக்கிக்கொள்ள வேண்டும். ஒரு எச்சரிக்கை: வடகிழக்குப் பருவமழை முடிந்து டிசம்பர், ஜனவரியில் எல்லா போரும் இனிக்கும். மே மாதத்துத் தண்ணீர்தான் உண்மை சொல்லும். அதுவரை காத்திருக்க முடியாவிட்டால், குடியிருக்கும் பன்னிரண்டு வீட்டில் நான்கு வீட்டுப் பெண்களிடம் கேட்கலாம். கோடையில் எதில் சமைக்கிறார்கள், கேன் தண்ணீர் எத்தனை வாங்குகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

உப்பு செடியோடு நிற்பதில்லை. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தரநிலை. இந்த வீட்டை எந்தத் தண்ணீரில் கட்டினார்கள்? கூரையின் அடிப்பக்கத்திலும் சன்ஷேடிலும் துருக்கறையோ, கம்பி போகும் திசையில் நீளமான விரிசலோ தெரிந்தால் ஒரு பொறியாளரைக் கூட்டிப் போவது நல்லது.

காலி மனைகளில் முளைத்திருப்பதையும் பார்த்துவிட்டு வரலாம். கோரை அடர்ந்திருந்தால் தண்ணீர் தேங்கும் இடம். உமரி இருந்தால் மண்ணே உப்பு. ஒரு கடப்பாரை எடுத்து இரண்டு அடி தோண்டினால் கொட்டி நிரப்பியது என்ன என்று தெரியும். அனல்மின் நிலையங்கள் உள்ள பகுதி என்பதால் சாம்பலைக் கொட்டி மேலே ஒரு அடி மண் போட்டிருக்கவும் கூடும். சாம்பலில் மரம் வேர் பிடிக்காது; குழி எடுத்து வேறு மண் நிரப்பித்தான் வைக்க வேண்டும்.

வெள்ளம் பற்றி ஒரு வார்த்தை. பூண்டி திறந்தால் கொசஸ்தலை ஆறு நிறையும். 2015 டிசம்பரை அந்தப் பக்கத்து மக்கள் மறக்கவில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எண்ணூர்ப் பகுதி வீடுகளுக்குள் எண்ணெய் கலந்த வெள்ளமே வந்தது. வீட்டின் தரைமட்டம் சாலையைவிட எவ்வளவு உயரம், பக்கத்துச் சுவர்களில் தண்ணீர் நின்ற கோடு எங்கே என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

வாசகர் கேட்காத ஒன்றும் இருக்கிறது. கல்மண்டபத்தில் நடு இரவில் நெஞ்சு வலித்தால் ஸ்டான்லி மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயில் பகலில் வசதிதான். இரவு இரண்டு மணிக்கு அது உதவாது. பன்னிரண்டு வீடுகள் உள்ள தெருவுக்குள் ஆட்டோ வர வேண்டும், தெருவிளக்கு எரிய வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன் கணவனும் மனைவியும் அதே தெருவில் ஒரு மாதமாவது வாடகைக்கு இருந்து பார்ப்பது நல்லது. அது அக்டோபர், நவம்பராக இருந்தால் இன்னும் நல்லது.

எல்லாம் சரியாக இருந்து, தண்ணீர் மட்டும் கொஞ்சம் உப்பு என்றால் தோட்டம் போடலாம். தென்னை, சப்போட்டா, நெல்லி, இலந்தை தாங்கும். காய்களில் பீட்ரூட், கீரைகளில் பசலை பரவாயில்லை. எலுமிச்சை, மா, பீன்ஸ் வேண்டாம். பாத்திக்குத் தொழு உரம் தாராளமாகப் போட்டு, மூடாக்கு இட்டு, மாடியில் விழும் மழைநீரைத் தொட்டியில் சேர்த்து, அதையே நாற்றுகளுக்கு வைத்துக்கொள்ளலாம். தொட்டி நிரம்பி வழிவதை மண்ணுக்குள் விட வேண்டும், தெருவுக்கு அல்ல.