மூன்று நட்சத்திரம் தருகிறவர்

கதை, கவிதை, நாடகம், கட்டுரை என்று எழுத்தை வகைபிரித்துப் பேசிப் பழகிய நாம், கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளாத எழுத்து ஒன்று உண்டு. காசு கொடுத்து ஒரு பொருளை வாங்கியவர், அதைச் சில நாள் புழங்கிப் பார்த்துவிட்டு, முகமறியாத இன்னொருவருக்காக எழுதிவைக்கும் கருத்துரை அது. எழுதுகிறவருக்குப் பெயரும் இல்லை, கூலியும் இல்லை. வாசிக்கிறவரும் அதை எழுத்தென்று நினைத்து வாசிப்பதில்லை. வாங்கலாமா வேண்டாமா என்று தெரிந்ததும் மறந்துவிடுகிறார். ஆனாலும் நம் காலத்தில் மிகப் பரவலாக எழுதப்படுகிற விமரிசன வகை இதுதான் என்று சொன்னால் மிகையாகாது. இலக்கியம் வாசிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும் என்பது நமது கட்சி.

பேசுவதற்கு ஓர் உதாரணம் வேண்டும். கேமராவும் பாட்டுக் கருவியும் ஒரே கூட்டுக்குள் அமைந்த கையடக்கச் சாதனத்தை எடுத்துக்கொள்வோம். அது வழக்கொழிந்துவிட்டது என்பதே அதைத் தேர்வதற்கு முதல் காரணம். இனி அதை யாரும் விற்கப்போவதில்லை. ஆகவே நாம் சொல்லும் எதுவும் விளம்பரமாகவோ வசையாகவோ ஆகாது. இரண்டாவது காரணம், அது இரண்டு வேலை செய்த பொருள். ஒரு வேலை செய்யும் பொருளைப் பற்றி நல்லது கெட்டது என்று சொல்லிவிடலாம். இரண்டு வேலை செய்யும் பொருளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அங்கேதான் விமரிசனம் தொடங்குகிறது.

ஃபூஜிஃபில்ம் நிறுவனம் 2000ஆம் ஆண்டு ‘ஃபைன்பிக்ஸ் 40ஐ’ என்ற பெயரில் ஒரு டிஜிட்டல் கேமராவை வெளியிட்டது. சட்டைப்பைக்குள் அடங்கும் அந்தக் கேமரா எம்பி3 பாட்டுகளையும் பாடும். ஆப்பிள் ஐபாடை அறிவித்தது 2001 அக்டோபரில். அதற்கும் முந்திய ஏற்பாடு இது. படங்களுக்கும் பாட்டுகளுக்கும் சேர்த்து ஒரே நினைவட்டை. அப்போது புழக்கத்திலிருந்த ஸ்மார்ட்மீடியா அட்டைகளின் கொள்ளளவை இன்று சொன்னால் சிரிப்பு வரும். 16 மெகாபைட் அட்டை ஒன்றில், நொடிக்கு 128 கிலோபிட் தரத்தில் பதிந்த பாட்டு ஏறத்தாழ 16 நிமிடம் கொள்ளும். நான்கு பாட்டு என்று வைத்துக்கொள்ளலாம். 64 மெகாபைட் அட்டை வாங்கினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆனால் அந்த அட்டையில்தான் படங்களும் தங்கவேண்டும். ஒரு மெகாபைட் அளவுள்ள ஒரு படம், ஏறத்தாழ ஒரு நிமிடப் பாட்டின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இந்தக் கணக்கைத் தயாரிப்பாளரின் கையேடு ஒருக்காலும் இப்படிச் சொல்லாது. இத்தனை படம் எடுக்கலாம் என்று ஓரிடத்தில் சொல்லும். இத்தனை நிமிடம் கேட்கலாம் என்று இன்னோரிடத்தில் சொல்லும். இரண்டும் உண்மை. இரண்டும் சேர்ந்து உண்மையல்ல. ஊருக்குக் கிளம்புகிறவர், போகும் வழியில் கேட்பதற்கென்று அட்டையைப் பாட்டுகளால் நிரப்பிக்கொண்டால், ஊர் போய்ச் சேர்ந்தபின் படமெடுக்க இடமிராது. எந்தப் பாட்டை அழித்து எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று அவர் தீர்மானிக்க வேண்டியிருக்கும். வாங்கிப் புழங்கியவர் ஒருவரால்தான் இதை எழுத முடியும். ஒரு பொருளின் இயல்பு அதன் உறுப்புகளில் தனித்தனியே தெரிவதில்லை. உறுப்புகள் ஒன்றோடொன்று போட்டியிடும் இடத்தில் தெரிகிறது.

இத்தகைய கருவியைப் பற்றிக் கருத்துச் சொல்கிறவர்களை மூவராகப் பிரிக்கலாம். முதலாமவர் கேமராவுக்காக வந்தவர். அவருக்குப் பாட்டு ஓர் இனாம். அந்த ஃபூஜி கருவியில் லென்ஸ் நிலையானது, தொலைவில் இருப்பதை அருகே இழுக்கும் ஜூம் வசதி கிடையாது. பாட்டுக்குச் செலவழித்த காசை லென்ஸுக்குச் செலவழித்திருக்கலாமே என்று அவர் குறைப்படுவார். இரண்டாமவர் பாட்டுக்காக வந்தவர். லென்ஸ் எப்படியிருந்தால் அவருக்கென்ன. நான்கு பாட்டுக்கு இத்தனை விலையா என்பது அவர் கேள்வி. மூன்றாமவர் இரண்டையும் சுமந்து திரிய அலுத்துப்போய் ஒன்றாக்கிக்கொள்ள வந்தவர். அந்தக் கருவி யாரை நினைத்துச் செய்யப்பட்டதோ அவர் இவர்தான். கேமரா என்ற அளவில் இது சுமார், பாட்டுக் கருவி என்ற அளவிலும் சுமார், ஆனால் இரண்டைச் சுமந்தபோது வீட்டிலேயே விட்டுச்சென்ற கேமரா இப்போது எப்போதும் உடன் இருக்கிறது என்று அவரால்தான் சொல்ல முடியும். மூவரும் பொய் சொல்லவில்லை. தாம் எதற்காக வந்தோம் என்பதை அவர்கள் சொல்லிவிட்டால் மூன்று கருத்தும் பயனுள்ளவை. சொல்லாமல் விட்டால் மூன்றும் வெறும் கூச்சல்.

எண்களை நம்புகிறவர்களுக்கு அதே கருவி ஒரு பாடம் வைத்திருந்தது. அதன் உணர்வியில் இருந்த ஒளிப்புள்ளிகள் 24 லட்சம்; அது உருவாக்கித் தந்த படத்தின் புள்ளிகளோ 43 லட்சம். புள்ளிகளை மூலைவாட்டில் அடுக்கிய சூப்பர் சிசிடி அமைப்பின் வழியாக, இடைப்பட்டவற்றைக் கணக்கிட்டு நிரப்பிய எண்ணிக்கை அது. விளம்பரப்படுத்த ஏற்றது 43. இது நியாயமா என்ற விவாதம் அந்நாளில் நடந்தது. இரு தரப்புக்கும் தொழில்நுட்ப நியாயங்கள் இருந்தன. ஆனால் அச்சிட்ட படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பாட்டியின் கண்ணோரச் சுருக்கம் தெரிகிறதா இல்லையா என்று சொல்லும் ஒரு வரி, அந்த இரண்டு எண்களையும்விடக் கூடுதலாகச் சொல்லிவிடும்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து ஆப்பிள் இதே வழிக்கு வந்தது. 2009 செப்டம்பரில் வெளிவந்த ஐந்தாம் தலைமுறை ஐபாட் நானோவில் காணொளிக் கேமரா இருந்தது. காணொளி மட்டுந்தான், நிழற்படம் எடுக்க இயலாது. நிழற்படத்துக்குத் தேவையான உணர்வி அந்த மெலிந்த உடலுக்குள் அடங்காது என்பது நிறுவனம் சொன்ன காரணம். லென்ஸைப் பின்புறத்தின் கீழ்ப்பகுதியில் வைத்திருந்தார்கள். நானோவைக் கையில் பிடித்தால் இயல்பாக விரல் போய் அமரும் இடம் அது. படம்பிடித்தவர்கள் பலர் தங்கள் விரலையே படம்பிடித்தார்கள். 640-க்கு 480 என்று படத்தின் அளவைச் சொல்லும் விவரப்பட்டியலில் விரலுக்கு இடமில்லை. கையில் எடுத்தவுடன் எவருக்கும் தெரிந்துவிடும் அந்தக் குறை, காகிதத்தில் மட்டும் பார்க்கிறவருக்கு ஒருநாளும் தெரியாது. 2010இல் வந்த ஆறாம் தலைமுறை நானோவில் கேமராவே இல்லை.

இத்தனை நுட்பமான சாட்சியங்களை வாங்கி, அவற்றின் தலையில் ஐந்து நட்சத்திரங்களை வைக்கிறார்கள். நமது சண்டை அந்த நட்சத்திரங்களோடுதான். பாட்டுக்காக வந்தவர் ஒன்று தருகிறார், சுமை குறைந்தவர் ஐந்து தருகிறார். சராசரி மூன்று. அந்த மூன்றை உணர்ந்தவர் ஒருவருமில்லை. இது கற்பனைக் கணக்கன்று. நான் ஹூ, பால் பாவ்லு, ஜீ ஜாங் ஆகிய ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட கட்டுரை, இணையத்தில் பொருள்களுக்குத் தரப்படும் மதிப்பெண்கள் நடுவில் குவிவதில்லை என்று காட்டியது. பெரும்பகுதி ஐந்தின் பக்கமும் ஒரு பகுதி ஒன்றின் பக்கமும் சேர, நடுப்பகுதி வற்றிக் கிடக்கிறது. ஓரளவு பிடித்தவருக்கு உட்கார்ந்து எழுதும் உந்துதல் வருவதில்லை. மயங்கியவரும் மனம் புண்பட்டவருமே எழுதுகிறார்கள். ஆக, சராசரி என்பது யாரும் குடியிருக்காத வீட்டின் முகவரி.

அதனால்தான் மூன்று நட்சத்திரம் தருகிறவரை நாம் மதிக்கிறோம். அவர் அரிதானவர். கோபமும் மயக்கமும் தள்ளாமலே எழுத வந்தவர். மூன்று தந்துவிட்டதாலேயே அவருக்கு விளக்கும் கடமை வந்துவிடுகிறது. எது நன்று, எது நன்றன்று, இரண்டில் எது தமக்கு முக்கியம் என்று சொல்லியாக வேண்டும். மூன்று என்பது சோம்பேறியின் மதிப்பெண்ணாகவும் இருக்கலாமே என்று கேட்கலாம். இருக்கலாம். பரவாயில்லை, போகலாம் என்று இரண்டு சொல்லில் முடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. கூரியர்காரர் தாமதமாக வந்ததற்குக் கருவியைத் தண்டிக்கிறவர்களும், பெட்டியைப் பிரிக்குமுன்பே ஐந்து தந்துவிடுகிறவர்களும் எல்லாப் பக்கங்களிலும் இருக்கிறார்கள். ஒரு வகை எழுத்தில் பெரும்பகுதி மோசமாக இருப்பது அந்த வகையைத் தள்ளிவிடக் காரணமாகாது. அப்படித் தள்ளுவதானால் முதலில் சிறுகதையைத் தள்ள வேண்டும்.

இந்த எழுத்து நமக்கு அன்னியமானது என்று நினைக்கவும் வழியில்லை. அமேசான் 1995இல் வாடிக்கையாளர் கருத்துரைகளை வெளியிடத் தொடங்கியபோது அது புத்தகக் கடை. அங்கே முதலில் எழுதப்பட்டவை வாசகர்கள் புத்தகங்களைப் பற்றி எழுதிய மதிப்புரைகள். கேமராவுக்கும் பாட்டுக் கருவிக்கும் அந்த வழக்கம் பிறகுதான் வந்து சேர்ந்தது. நோயும் புத்தகத்திலிருந்தே வந்தது என்று சொல்லலாம். 2004 பிப்ரவரியில் அமேசானின் கனடாத் தளத்தில் நேர்ந்த ஒரு தொழில்நுட்பப் பிழையால், புனைபெயரில் எழுதியவர்களின் உண்மைப் பெயர்கள் சில நாள் வெளியே தெரிந்தன. தம் நூலைத் தாமே புகழ்ந்து எழுதிக்கொண்ட எழுத்தாளர்கள் அதில் அகப்பட்டார்கள். கேமரா விற்கிறவரைக் குறைசொல்லுமுன் நம் குலத்தாரை ஒரு தரம் பார்த்துக்கொள்வது நல்லது.

பொய்க் கருத்துரைகளைத் தடுக்க இப்போது சட்டங்கள் வந்திருக்கின்றன. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022 நவம்பரில் இணையவழி நுகர்வோர் கருத்துரைகளுக்கென்றே ஐஎஸ் 19000:2022 என்ற தரநிலையை வெளியிட்டது. எழுதுகிறவர் உண்மையானவர்தானா என்று சரிபார்க்கும் வழிமுறைகளை அது வகுத்தது. வெளியானபோது அதைப் பின்பற்றுவது நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் போலிக் கருத்துரைகளை விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்து பிறப்பித்த விதி, 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இரண்டையும் வரவேற்கிறோம். ஆனால் எழுதியவர் பொருளை வாங்கினாரா என்பதுவரைதான் சட்டத்தின் கை நீளும். அவர் பொருளைப் பார்த்தாரா என்று சட்டத்தால் கேட்க முடியாது.

அதைவிடப் பெரிய இழப்பு வேறு பக்கத்திலிருந்து வருகிறது. 2023 ஆகஸ்டில் அமேசான், கருத்துரைகளையெல்லாம் செயற்கை நுண்ணறிவு வாசித்து ஒரு பத்தியாகச் சுருக்கித் தரும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பலர் இதைப் பாராட்டுகிறார்கள், சிலர் அதைக் குறைசொல்கிறார்கள் என்பது அந்தப் பத்தியின் வாய்பாடு. அவசரக்காரருக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் நட்சத்திரம் எண்ணைச் சராசரியாக்கியதுபோல, இது வாக்கியத்தையே சராசரியாக்குகிறது. பாட்டா முகமா என்று தவித்தவரும், லென்ஸின்மேல் விரல் வைத்தவரும் அதில் ‘சிலர்’ ஆகிவிடுகிறார்கள். நூறு பேர் சொன்னதைச் சுருக்கலாம். ஒரே ஒருவர் மட்டும் கண்டதைச் சுருக்கினால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. விமரிசனத்தில் பெரும்பாலும் மதிப்புள்ளது அந்த ஒருவர் கண்டதுதான்.

காலத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாங்கிய வாரத்தில் எழுதுவது ஒன்று. வருடம் கழித்து எழுதுவது வேறொன்று. ஸ்மார்ட்மீடியா அட்டையை நம்பி 2000இல் வாங்கியவர், 2002இல் ஃபூஜிஃபில்மும் ஒலிம்பஸும் எக்ஸ்டி என்ற புதிய அட்டைக்கு மாறுவதைப் பார்த்தார். அவருடைய கருவி பழுதாகவில்லை. அதைச் சுற்றியிருந்த உலகம் நகர்ந்துவிட்டது. பிறகு 2005இல் சோனி எரிக்சன், இரண்டு மெகாபிக்சல் கேமராவோடு வாக்மன் பெயர் தாங்கிய டபிள்யூ800 செல்பேசியைக் கொண்டுவந்தது. 2007இல் ஐபோன் வந்தது. கேமராவும் பாட்டும் ஒன்றாக வேண்டும் என்ற அந்த மூன்றாமவரின் ஆசை, தொலைபேசிக்குள் போய் நிறைவேறியது. 2022 மே மாதத்தில் ஆப்பிள் ஐபாட் வரிசையையே முடித்துவைத்தது. ஒரு பொருள் மறைந்தபின் அதன் விளம்பரம் யாருக்கும் வேண்டியதில்லை. அதனோடு எப்படி வாழ்ந்தார்கள் என்று அறிய விரும்புகிற நாளைய நாவலாசிரியருக்கு, அந்த மூன்று நட்சத்திரக் கருத்துரைகளே ஆவணம்.

ஆகவே கருத்துரை எழுதும் நண்பர்களிடம் நமது வேண்டுகோள் சிறியது. எதற்காக வாங்கினீர்கள், எத்தனை நாள் புழங்கினீர்கள், எதைப் பெறுவதற்காக எதை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது என்ற மூன்றையும் சொல்லிவிட்டு, பிறகு எத்தனை நட்சத்திரம் வேண்டுமானாலும் தாருங்கள். புத்தகங்களுக்கு மதிப்புரை எழுதும் நமக்கும் இது பொருந்தும். நாவலும் பல வேலைகளை ஒரே உடலில் செய்ய முயலும் பொருள்தான். அதன் உறுப்புகளும் ஒன்றின் இடத்தை ஒன்று பிடித்துக்கொள்கின்றன. நண்பரென்றால் ஐந்து, எதிர் முகாமென்றால் ஒன்று என்று எழுதிக்கொண்டிருக்கும் வரையில், நான்கு பாட்டுக்கும் நாற்பது படத்துக்கும் நடுவில் நின்று யோசித்து எழுதிய அந்தப் பெயர் தெரியாத வாடிக்கையாளர் நம்மைவிட நல்ல விமரிசகர்.