அவங்கட ஸ்கூல், அவங்கட ஃபாதர், அவங்கட விளையாட்டா?

 

நீளமான பதிவு. திட்ட நினைப்பவர்கள் தயவுசெய்து கடைசிவரை வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

முசலியில் பிள்ளைகளுக்கு ஒரு பாஸ்கட்போல் கோர்ட் போடுவோம் என்று சொன்னபோது மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியை உதாரணம் காட்டினேன். வட்ஸ்அப் குழுமத்தில் வந்த பதில் இது: "அது அவங்கட ஸ்கூல் சேர். அவங்கட ஃபாதர்மார் வெள்ளைக்காரன்ட காசில வளர்த்த விளையாட்டு. நமக்கெதுக்கு?" கீழே கட்டைவிரல் படங்கள் வரிசையாக விழுந்திருந்தன. போட்டவர்களில் என்னிடம் படித்த பொடியன்களும் இருக்கிறார்கள். அதனால்தான் அங்கே ஒரு வரியில் முடிக்காமல் இங்கே எழுதுகிறேன்.

"அவங்கட ஸ்கூல்" என்ற கதையை முதலில் எடுப்போம். மிக்கேல் கல்லூரி 1873 இல் கத்தோலிக்கத் திருச்சபை தொடங்கிய பாடசாலை. பிறகு இயேசு சபைத் துறவிகள் கையில் வளர்ந்தது. முதலில் பிரெஞ்சுக்காரர்கள், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பக்கத்திலிருந்து வந்தவர்கள். இதையெல்லாம் யாரும் மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்கு அது ஒரு தேசிய பாடசாலை. அங்குள்ள ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது அரசாங்கம். சிலாவத்துறைக் கடையில் நீங்கள் வாங்கும் சாமானுக்குக் கட்டுகிற வரியும் அந்தச் சம்பளத்தில் இருக்கிறது. காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் தலைமுறை தலைமுறையாக நமது பிள்ளைகள் அங்கே போய்ப் படித்திருக்கிறார்கள். காத்தான்குடியில் ஒரு பழைய மாணவரைப் பிடித்து "அது அவங்கட ஸ்கூல்தானே" என்று கேட்டுப் பாருங்கள். சண்டைக்கே வந்துவிடுவார்.

அடுத்தது "வெள்ளைக்காரன்ட காசு". இதுதான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்த இடம்.

பாஸ்கட்போலுக்கு என்ன காசு வேண்டும்? இரண்டு கம்பம், இரண்டு பலகை, இரண்டு வளையம், ஒரு சீமெந்துத் தரை, சில பந்துகள். நாம் பாடசாலை வாசலில் எழுப்புகிற வளைவுகளுக்கும், அந்த வளைவைத் திறக்க வருகிற பிரமுகருக்குப் போடுகிற பந்தலுக்கும், மாலைக்கும், சாப்பாட்டுக்கும் போகிற காசை ஒரு தடவை கூட்டிப் பாருங்கள். காசு இல்லாத ஊர் இல்லை இது. மிக்கேல் கல்லூரி அகில இலங்கைக் கிண்ணங்களை வென்றது காசால் என்றால், கொழும்பில் அதைவிடப் பத்து மடங்கு வசதியுள்ள பாடசாலைகள் எத்தனையோ இருந்தன. அவை ஏன் மட்டக்களப்புப் பொடியன்களிடம் தோற்றன?

அங்கே ஒரு மனிதர் இருந்தார். யூஜின் ஜோன் ஹெபர்ட் அடிகளார். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 1923 இல் பிறந்தவர். 1948 இல், நாடு சுதந்திரம் பெற்ற அதே வருடம், இலங்கைக்கு வந்தார். திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பு மிக்கேலிலும் பணி செய்தார். பிள்ளைகளுக்குப் பாஸ்கட்போல் பழக்கினார். பிற்காலத்தில் கிழக்குத் தொழில்நுட்பக் கல்லூரி என்ற தொழிற்பயிற்சி நிலையத்தைப் பொறுப்பெடுத்து, ஏ.எல். தாண்டாத பொடியன்களுக்குக் கைத்தொழில் படிப்பித்தார். 42 வருடம் இந்த நாட்டில் இருந்தார். ஊருக்குத் திரும்பிப் போய் நிம்மதியாக ஓய்வெடுக்க எல்லாக் காரணமும் இருந்தது. போகவில்லை.

அவர் மட்டுமல்ல. மட்டக்களப்பில் இன்றைக்கும் பெரிய மைதானத்தை வெபர் மைதானம் என்றுதான் சொல்கிறார்கள். அந்த வெபரும் இதே சபையைச் சேர்ந்த ஒரு ஃபாதர்தான். அங்கே பந்தடிக்கிற பொடியன் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவன் யாராக இருந்தாலும் "வெபரில மெட்ச்" என்றுதான் சொல்வான். அதனால் எவருடைய ஈமானும் குறைந்ததாக நான் கேள்விப்படவில்லை.

இப்போது நமது பக்கம் பாருங்கள். ஒன்றரை மணிக்கு மணி அடிக்கிறது. ஒன்று முப்பத்தைந்துக்கு கேற் பூட்டு. மன்னாரிலிருந்து வருகிறவருக்கு பஸ் போய்விடும், புத்தளத்தில் குடும்பத்தை வைத்திருப்பவருக்கு வியாழக்கிழமையே மனம் கிளம்பிவிடும். அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. 1990 இல் துரத்தப்பட்ட சனம் நாங்கள். 2009 க்குப் பிறகு திரும்பி வந்தும் ஒரு கால் முசலியிலும் ஒரு கால் புத்தளத்திலும் வைத்துத்தான் இன்றைக்கும் நிற்கிறோம். ஆனால் பின்னேரம் மூன்று மணிக்குப் பாடசாலையில் ஒரு பெரியவர் நிற்காத ஊரில் எந்த விளையாட்டும் வளராது. அங்கே வளர்வது வேறு சாமான்கள். எதைச் சொல்கிறேன் என்று பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு விளங்கும். கடற்கரையிலும் பாழடைந்த வீட்டுச் சுவர்களுக்குப் பின்னாலும் என்ன நடக்கிறது என்று பொலிஸ்காரர் சொல்லித்தான் நாம் அறிய வேண்டும் என்றில்லை.

"இது கிறிஸ்தவ விளையாட்டு" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். தம்பி, 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டில் இதைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் வொய்.எம்.சீ.ஏ. பயிற்சிக் கல்லூரி ஆசிரியர், புரட்டஸ்தாந்துக்காரர். குளிர்காலத்தில் வெளியே போக முடியாத முரட்டுப் பொடியன்களை மோதிக் காயப்படாமல் விளையாட வைக்க, பழக்கூடை இரண்டைப் பத்தடி உயரத்தில் அடித்துத் தொங்கவிட்டார். அப்படிப் பார்த்தால் கத்தோலிக்க ஃபாதர்மாரே கடன் வாங்கி விளையாடியவர்கள்தான். கிரிக்கெட்டை இங்கிலாந்துக்காரன் கொண்டு வந்தான், அதற்கு நாம் பத்வா கேட்டோமா? உலகக் கிண்ணம் நடந்தால் இஷாவுக்குப் பிறகு டீவி முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

கரீம் அப்துல் ஜப்பார் பெயரைக் கேட்டிருப்பீர்கள். என்.பி.ஏ.யில் 38,387 புள்ளிகள், 2023 வரை யாரும் முறியடிக்காத சாதனை. இஸ்லாத்தைத் தழுவிய அந்த மனிதர் சிறுவயதில் பந்து பழகியது நியூயோர்க்கில் ஒரு கத்தோலிக்க உயர்பாடசாலையில். ஹக்கீம் ஒலாஜுவன் ரமழானில் நோன்பு பிடித்தபடி விளையாடி, 1995 பெப்ரவரியில் அந்த மாதத்தின் சிறந்த வீரராகத் தெரிவானார். பெண் பிள்ளைகள் பற்றிக் கேட்டவர்களுக்கு: தலையை மூடி விளையாட சர்வதேசச் சம்மேளனம் 2017 இலேயே அனுமதித்துவிட்டது. உலகம் விட்டுவிட்டது, நாம்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா நாயகியுடன் ஓட்டப்போட்டி ஓடிய ஹதீஸை மிம்பரில் சொல்லும்போது சிரித்து ரசிக்கிறோம். பிள்ளை ஓடக் கேட்டால் மட்டும் முகம் மாறுகிறது.

சரி. இனி நான் எழுதத் தயங்கிய பகுதி. "அவங்கட ஃபாதர்" என்ற சொல்.

ஹெபர்ட் அடிகளார் எங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்று தெரியுமா? எங்கும் இல்லை. 1990 ஓகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நமது மக்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஓகஸ்ட் 11 இரவு ஏறாவூரில் மீண்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர், குழந்தைகள் உட்பட. தமிழ்க் கிராமங்களிலும் அதே நாட்களில் பழிவாங்கல் நடந்தது, அங்கேயும் ஒன்றுமறியாத சனம் செத்தது. அந்தத் தீக்குள், ஓகஸ்ட் 15, வாழைச்சேனையில் அகப்பட்டிருந்தவர்களின் பாதுகாப்புக்காகப் போன 66 வயது ஃபாதர், பேர்ட்ராம் பிரான்சிஸ் என்ற தமிழ் இளைஞரோடு ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குத் திரும்பினார். வந்து சேரவில்லை. இருவருடைய உடலும் கிடைக்கவில்லை. ஸ்கூட்டரும் இல்லை.

நான் வந்தாறுமூலையில் கெம்பஸ் படித்தவன். வாழைச்சேனையிலிருந்து கிரான், சித்தாண்டி, வந்தாறுமூலை, செங்கலடி, ஏறாவூர் என்று வருகிற அந்த வீதி எனக்குத் தெரியும். அந்த மனிதர் காணாமல் போனது பற்றி மட்டக்களப்பில் பல பக்கமும் விரல் நீள்கிறது, நமது பக்கமும் நீள்கிறது. யாரையும் நீதிமன்றத்தில் நிறுத்தவில்லை. நான் இங்கே தீர்ப்புச் சொல்லவும் இல்லை. கேட்பது இவ்வளவுதான்: ஒவ்வொரு ஒக்டோபரிலும் வடக்கு முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் துரத்தப்பட்டதை நினைவுகூருகிறோம். மறிச்சுக்கட்டியிலிருந்து கைப்பிள்ளையோடு நடந்த உம்மாமாரின் கதையைச் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். தமிழ்ச் சகோதரர்கள் அதைப் பேசாமல் தாண்டிப் போகும்போது நமக்கு நெஞ்சு வேகிறது. அப்படியென்றால் அதே 1990 இல், நமது பிள்ளைகளுக்கும் படிப்பித்த ஒரு மனிதர் வீதியில் காணாமல் போனதை நாம் ஏன் ஒரு தடவையும் சொல்வதில்லை? அவருடைய சபைத் தோழர் ஹரி மில்லர் அடிகளார் மட்டக்களப்பு சமாதானக் குழுவில் இருந்து காணாமல் போனவர்களின் பெயர்களைப் பதிந்துகொண்டே இருந்தார். காணாமல் போனவன் எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று பிரித்து அவர் எழுதவில்லை. நாமோ அவரவர் மையித்தை மட்டும் எண்ணுகிறோம். பிறகு "அவங்க எங்கட கஷ்டத்தைக் கதைக்கிறாங்க இல்ல" என்று முறையிடுகிறோம்.

இதை எழுதியதற்காக எனக்கு என்ன பட்டம் வரும் என்று தெரியும். வரட்டும்.

கோர்ட்டுக்கு வருவோம். "மன்னார் என்றால் ஃபுட்போல்தான், அது போதும்" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. முழு அளவு உதைபந்தாட்ட மைதானத்துக்கு ஒன்றரை ஏக்கருக்கு மேல் வேண்டும். நமது காணிக் கதை உங்களுக்கே தெரியும்: 2017 வர்த்தமானி, வன இலாகா, கடற்படை, மறிச்சுக்கட்டியில் கொட்டகை போட்டு உட்கார்ந்த நாட்கள். ஒரு மைதானத்துக்குக் காணி கேட்டுப் பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் ஆகிவிடுவார்கள். பாஸ்கட்போல் கோர்ட் 28 மீற்றர் நீளம், 15 மீற்றர் அகலம். பதினேழு பேர்ச்சஸ்கூட இல்லை. சுற்றிவர இரண்டு மீற்றர் விட்டாலும் 24 பேர்ச்சஸ். பாடசாலை வளவுக்குள்ளேயே கிடக்கிறது, இப்போது அதில் மாடு மேய்கிறது. யாருடைய கெஸட்டும் அதைத் தொடாது.

கஷ்டங்களும் உண்டு. கச்சான் காற்று எழும்பினால் பந்து வளையத்துக்குள் போகாமல் கொண்டச்சிப் பக்கம் போகும். உப்புக் காற்றில் சாதாரண இரும்பு இரண்டு வருடம் தாங்காது, கல்வனைஸ் பைப்தான் போட வேண்டும். தரையைச் சரியான வாட்டத்தில் போடாவிட்டால் மாரியில் குளம்தான். இதெல்லாம் தெரிந்த மேசன்மார் ஊரில் இருக்கிறார்கள்.

என் நிபந்தனை ஒன்றுதான், இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். கோர்ட் போட்டால் அரிப்புப் பிள்ளைகளுக்கும் முள்ளிக்குளத்துப் பிள்ளைகளுக்கும் பின்னேரம் கேற் திறந்திருக்க வேண்டும். நமது பிள்ளைகளுக்கு மட்டும் என்றால் எனக்கு அந்த வேலையில் பங்கு வேண்டாம். கிழமையில் மூன்று நாள், மூன்று மணியிலிருந்து மஃரிப் பாங்குக்கு முன்வரை நான் நிற்கிறேன். எனக்கு ஆட்டம் பெரிதாகத் தெரியாது. விசில் அடிக்கவும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் தெரியும். பழக்குவதற்கு மட்டக்களப்பில் விளையாடிய ஒருவர் மாதத்துக்கு இரண்டு தடவை வரச் சம்மதித்திருக்கிறார், பஸ் காசும் சாப்பாடும் நாம் பார்க்க வேண்டும்.

இந்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு பாடசாலை மண்டபத்தில் கூடுவோம். அரிப்பிலிருந்தும் இரண்டு பேர் வருகிறார்கள். "அவங்கட" என்று எழுதிய தம்பியும் வர வேண்டும், அவர் மேசன் வேலை தெரிந்தவர். மகன் எட்டாம் வகுப்பில், இப்போதே என்னைவிட உயரம்.